மறைந்துபோன பந்திகள்: லுவாடெக் கால்பேக்குக்கு என்ன விடை கொடுப்பது?

மன்னாரில் பழைய நாடகப் பிரதி ஒன்றை லுவாடெக்கில் நூலாக்கிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பாட்டுகள் பக்கம் முழுக்க ஓடுகின்றன. முன்னுரையும் குறிப்புகளும் இரட்டை நிரலில் வருகின்றன. இரட்டை நிரலில் தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் சில வரிகளில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழுந்து அசிங்கமாகத் தெரிகிறது. எந்தெந்த வரிகள் அப்படி இழுபடுகின்றன என்று கண்டுபிடிக்கச் சின்னதாக ஒரு லுவா ஃபங்ஷன் எழுதினார். பந்தி வரிகளாக உடைந்த பிறகு ஒவ்வொரு வரியையும் அது பார்க்கும். அளவுக்கு மிஞ்சி இழுபட்டதைப் பதிவுக் கோப்பில் எழுதும். பதிவுக் கோப்பில் பட்டியல் ஒழுங்காக வந்திருக்கிறது. பீடிஎஃப்பைத் திறந்தால் பந்திகளைக் காணவில்லை. “நான் எதையும் மாற்றவே இல்லையே, பார்த்துவிட்டுத்தானே போனேன்?” என்று கேட்கிறார்.

பார்த்துவிட்டுப் பேசாமல் போனதுதான் பிழை. போகும்போது ஒரு விடை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

லுவாடெக்கைப் புதிதாகத் தொடுபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் கனூத் 1978 இல் வெளியிட்ட டெக் என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்துக்குள் லுவா என்ற நிரல்மொழியைப் பொருத்தியதுதான் லுவாடெக். ஹான்ஸ் ஹாகன், டாகோ ஹூக்வாட்டர், ஹார்ட்மூட் ஹெங்கல் ஆகியோர் அதைக் கட்டினார்கள். 1.0 பதிப்பு 2016 இல் வந்தது. லுவா மொழி 1993 இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2020 முதல் டெக்லைவ் தொகுப்பில் லுவாலேடெக் என்று ஓட்டினால், எழுத்துகளை ஒழுங்காகக் கோத்து வடிவமைக்கும் ஹார்ப்பஸ் சேர்ந்த இயந்திரமே ஓடுகிறது. கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாமல் தமிழ் எழுத வேண்டும் என்றால் எழுத்துருவை அழைக்கும்போதே ஹார்ப்பஸ் வழியைத் தேர்ந்துவிடுங்கள்.

இயந்திரம் தன் வேலையின் குறிப்பிட்ட சில கட்டங்களில் நின்று, “இங்கே உனக்கு ஏதாவது செய்ய இருக்கிறதா?” என்று உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். அதுதான் கால்பேக். வரியைக் கோப்பிலிருந்து வாசித்ததும் ஒரு கட்டம். பந்தியை வரிகளாக உடைக்கும் முன் ஒரு கட்டம், உடைத்த பின் ஒரு கட்டம். எழுத்துருவை ஏற்றும்போது, கோப்பைத் தேடும்போது, பக்கத்தை வெளியே தள்ளும்போது என்று நீண்டுகொண்டு போகும். கூப்பிடும்போது இயந்திரம் என்ன தருகிறது என்பதை எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள். திரும்ப என்ன எதிர்பார்க்கிறது என்பதைத்தான் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு வரும் கால்பேக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பாதியைப் பற்றியவைதான்.

வாசகர் பயன்படுத்தியது போஸ்ட்_லைன்பிரேக்_ஃபில்டர். இதுவும், இதன் அண்ணனான ப்ரீ_லைன்பிரேக்_ஃபில்டரும், பெட்டி கட்டும்போது வரும் ஹெச்பேக், விபேக் ஃபில்டர்களும் ஒரே குடும்பம். எழுத்து, இடைவெளி, வரி என்று ஒவ்வொன்றும் இயந்திரத்துக்குள் ஒரு கணு (நோட்). உங்கள் கையில் ஒரு கணுப் பட்டியலின் தலையை, அதாவது முதல் கணுவை, தருவார்கள். உங்களிடமிருந்து மூன்றில் ஒரு விடையை எதிர்பார்ப்பார்கள். அச்சகத்தில் புரூப் பார்க்கக் கொடுத்த பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ரூ என்றால் “அப்படியே ஓட்டுங்கள்” என்று கையெழுத்து வைத்ததாக அர்த்தம். ஒரு கணுவைத் திருப்பிக் கொடுத்தால் “அந்தப் பக்கத்தை விடுங்கள், இதைப் போடுங்கள்” என்று அர்த்தம். ஃபால்ஸ் என்றால் “இந்தப் பக்கமே வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.” நினைவகத்திலிருந்தே அழித்துவிடும். நாலாவது ஒன்று இருக்கிறது: வாங்கின புரூப்பைத் திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிடுவது. அதுதான் நில்.

லுவாவில் ரிட்டர்ன் என்று எழுதாமல் ஃபங்ஷனை முடித்தால், கூப்பிட்டவனுக்குக் கிடைப்பது நில். சில மொழிகளில் கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பே விடையாகிவிடும்; லுவாவில் அந்தச் சலுகை கிடையாது. இந்த ஃபில்டர்களின் விடைகளாகக் கையேடு மூன்றைத்தான் சொல்கிறது, அதில் நில் இல்லை. ஆகவே நில் கொடுத்தால் வெறும் பட்டியலைக் கொடுத்தது போலாகி, பந்தி காணாமல் போகும். உங்களுக்குப் பின் வரிசையில் வேறு ஃபங்ஷன் இருந்தால் அது நில்லைக் கையில் வாங்கிக்கொண்டு பிழை சொல்லும். அப்போது குற்றம் அந்தப் பின்னால் நின்றவன் தலையில் விழும். வாசகரின் ஃபங்ஷன் கடைசி வரியில் ரிட்டர்ன் ட்ரூ என்று இருந்திருந்தால் எல்லாப் பந்தியும் வந்திருக்கும். கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான்.

ஆனால் இத்தோடு விட்டால் அடுத்த மாதம் அதே வாசகர் வேறொரு கேள்வியோடு வருவார். ஓட்டை வரிகளைப் பதிவுக் கோப்பில் தேடுவதைவிடப் பக்கத்திலேயே ஒரு கறுப்புக் கட்டை வைத்துக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். தோன்றுவது நியாயமும்கூட. வரி என்பது ஒரு ஹெச்லிஸ்ட் கணு; எவ்வளவு இழுபட்டது என்பது அதன் க்ளூ_செட் புலத்தில் எண்ணாக இருக்கும்; க்ளூ_சைன் 1 என்றால் இழுபட்டது, 2 என்றால் நெருக்கப்பட்டது. க்ளூ_ஆர்டர் 0 ஆக இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். பந்தியின் கடைசி வரியை நிரப்புவது முடிவிலி இழுவை என்பதால் அதைக் கணக்கில் எடுத்தால் வீண் எச்சரிக்கை குவியும்.

அந்தக் கட்டையை வரிக்குள்ளே செருகினால், அதாவது அந்த ஹெச்லிஸ்டின் உள்பட்டியலில் சேர்த்தால், வெளிப்பட்டியலின் தலை மாறவில்லை. ட்ரூ போதும். ஆனால் வரியின் தொடக்கத்தில் செருகினால் உள்பட்டியலின் தலை மாறியிருக்கும். அதை அந்த வரியின் ஹெட் புலத்தில் மறுபடி எழுதியாக வேண்டும். கட்டையை வரிக்கு முன்னே, செங்குத்துப் பட்டியலில் செருகினால் கதை வேறு. பந்தியின் முதல் வரியே இழுபட்ட வரியாக இருந்தால், நீங்கள் செருகிய கட்டைதான் இப்போது பட்டியலின் தலை. நீங்களோ ட்ரூ என்கிறீர்கள். இயந்திரம் தன்னிடம் இருந்த பழைய தலையிலிருந்தே வாசிக்கத் தொடங்கும். கட்டை அதற்கு முன்னால் அநாதையாகக் கிடக்கும். மற்ற வரிகளில் கட்டை தெரியும், முதல் வரியில் மட்டும் தெரியாது. இப்படி அரைகுறையாக வேலை செய்யும் வழுவைப் பிடிப்பதுதான் கஷ்டம். முழுக்க வேலை செய்யாதது எவ்வளவோ மேல்.

இதற்குத்தான் நோட்.இன்சர்ட்_பிஃபோர் என்ற ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளைத் தருகிறது. முதலாவது பட்டியலின் இப்போதைய தலை, இரண்டாவது புதிதாகச் செருகிய கணு. நோட்.ரிமூவ் தருவதும் இரண்டு: தலை, அடுத்த கணு. முதல் மதிப்பை ஒவ்வொரு தடவையும் ஹெட் என்ற மாறியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ரிட்டர்ன் ஹெட் என்று முடியுங்கள். தலை மாறியதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாறாவிட்டாலும் ஹெட்டைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு தீங்கும் இல்லை. வெறுமனே பார்க்கும் ஃபங்ஷனுக்கு ட்ரூ, தொடும் ஃபங்ஷனுக்கு ஹெட் என்று பழக்கப்படுத்திக்கொண்டால் போதும்.

வேகத்துக்காக நோட்.டைரக்ட் என்ற வழியில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கணுக்கள் வெறும் எண்களாக நடமாடும். எண்ணையே கால்பேக்குக்குத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. டூநோட் கொண்டு கணுவாக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நாடக நூலுக்கு இந்த வேகம் தேவைப்படாது என்பது என் எண்ணம். அகராதி போடுபவர்களுக்கு வேண்டுமானால் உதவும்.

இனி, இந்தக் குடும்பத்தில் கற்ற பாடத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போய் ஏமாறும் இடம். பெயரில் ஒரு முன்னொட்டு மட்டுமே வித்தியாசம்: லைன்பிரேக்_ஃபில்டர். இது பந்தியை வரிகளாக உடைக்கும் வேலையையே உங்களிடம் ஒப்படைக்கிறது. இங்கே ஃபால்ஸ் என்றால் “எனக்கு வேண்டாம், நீயே வழக்கம்போல உடைத்துக்கொள்” என்று அர்த்தம். பந்தி பத்திரமாக வரும். அதே ஃபால்ஸை ப்ரீ_லைன்பிரேக்_ஃபில்டரில் கொடுத்தால் பந்தி அழியும். அண்ணனிடம் அழிவு, தம்பியிடம் வழக்கம். கால்பேக்கைப் பதிவுசெய்யும் இடத்தில் ஃபங்ஷனுக்குப் பதிலாக ஃபால்ஸ் என்று கொடுத்தால் மூன்றாவது அர்த்தம்: “இந்தக் கட்டத்தில் நீ இயல்பாகச் செய்யும் வேலையையும் செய்யாதே.” அதே இடத்தில் நில் கொடுத்தால் பழைய இயல்புக்குத் திரும்பும். இதை எல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஒரு கால்பேக்கின் விடையைப் பார்த்து இன்னொன்றின் விடையை ஊகிக்காமல் இருந்தால் சரி.

விடையே கேட்காத கால்பேக்குகளும் உண்டு. ஹைஃபனேட், லிகேச்சரிங், கெர்னிங் மூன்றும் தலையையும் வாலையும் கொடுத்துவிட்டு, நீங்கள் திருப்பித் தருவதைப் பார்க்கவே மாட்டா. பட்டியலை இருந்த இடத்திலேயே திருத்த வேண்டும். அங்கே புதுத் தலை உண்டாக்கி ரிட்டர்ன் செய்வது காற்றில் எழுதுவதுதான்.

மன்னார் வாசகரின் கடிதத்தில் இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. எனக்கு அதுதான் அதிகம் சுவையாகப்பட்டது. பிரதியை ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாராம். மன்னார் நாடகங்கள் அச்சேறுவது புதிதல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றீக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்தார். அந்தக் காலத்தில் ஈய எழுத்து. பின்னால் கணினி வந்தபோது இலங்கைத் தமிழ் அச்சகங்கள் பாமினி எழுத்துருவைக் கைக்கொண்டன. பங்கு மலரா, நினைவு மலரா, கூத்துப் பிரதியா, பாதி இன்னும் அந்தக் குறியீட்டிலேயே தூங்குகிறது.

பாமினியில் தமிழ் என்பது தோற்றம் மட்டுந்தான். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள். கே விசையில் ம, டி விசையில் ன, அரைப்புள்ளி போட்டால் மெய்ப்புள்ளி. ர் என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம்: பெரிய எச் ஒன்று, யு விசையோடு அரைப்புள்ளி மற்றொன்று. ஒரே கோப்பில் இரண்டும் கலந்து கிடக்கும், தட்டியவர் கைப்பழக்கத்தைப் பொறுத்து. கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துக்கு முன்னால் வரும். யுனிகோடிலோ பின்னால் வர வேண்டும். இதுவரை எல்லா மாற்றிகளும் கையாளும் விஷயம். டெக்கோடு சேர்த்தால்தான் விபரீதம் தொடங்குகிறது. பாமினியில் மூ என்பது % குறி. கூ என்பது $. சூ என்பது #. ரூ என்பது &. ஷ என்பது ~. தூ, நூ இரண்டிலும் } வரும். டெக்குக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. மூன்று என்ற சொல் வந்ததும் டெக் அதைக் குறிப்புரை என்று நினைத்து வரியின் மீதியை விழுங்கிவிடும். கூட்டம் என்றதும் கணிதச் சமன்பாடு தொடங்கிவிடும். தூய செபஸ்தியார் என்று எழுதினால் திறக்காத அடைப்புக்குறி ஒன்று மூடப்படும். கத்தோலிக்க நாடகம் ஒன்றில் தூய என்ற சொல் எத்தனை தடவை வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்குச் சரியான கட்டம் ப்ராசஸ்_இன்புட்_பஃபர். ஒரு வரியை இயந்திரம் அலசத் தொடங்கும் முன் அந்த வரியை எழுத்துச் சரமாக உங்களிடம் தரும் கால்பேக் அது. % இன்னும் குறிப்புரை ஆகவில்லை, $ இன்னும் கணிதம் ஆகவில்லை. மாற்றிய சரத்தைத் திருப்பிக் கொடுத்தால் இயந்திரம் அதைத்தான் பார்க்கும். இங்கே நில் கொடுத்தால்? கையேடு தெளிவாகச் சொல்கிறது: உங்கள் ஃபங்ஷன் ஓடவே இல்லை என்பதுபோல இயந்திரம் பழைய வரியோடு போய்விடும். ஆபத்தில்லை, சிறிது நேரமும் மிச்சம். கணு ஃபில்டரில் பந்தியை விழுங்கிய அதே நில் இங்கே சாது.

சாதுவை நம்பி மோசம் போகும் வழிகள் இரண்டு உண்டு. லேடெக்கில் நீங்கள் கால்பேக்கை நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. லுவாடெக்பேஸ் என்ற இடையாளின் ஆட்_டூ_கால்பேக் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே கால்பேக்கில் பலர் சேரலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்த இடையாள் ப்ராசஸ்_இன்புட்_பஃபரை ‘டேட்டா’ வகையாக நடத்துகிறார். முதல் ஃபங்ஷன் தந்ததை அப்படியே இரண்டாவதன் கையில் கொடுப்பார். முதல் ஃபங்ஷன் நில் தந்தால், இரண்டாவதுக்குக் கிடைப்பது வரி அல்ல, நில். அது நில்லில் எழுத்தைத் தேடப் போய்ப் பிழை விழும். நீங்கள் தனியாக இருந்தவரை ஒழுங்காக ஓடிய ஃபங்ஷன், வேறொரு பொதியைச் சேர்த்த நாளில் விழுவதற்கு இதுதான் காரணம். ஆகவே கையேடு அனுமதித்தாலும் நான் அனுமதிக்கமாட்டேன்: மாற்றம் இல்லையென்றால் வாங்கிய வரியையே திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் மோசமானது. அதே மாற்றும் ஃபங்ஷனை ஓப்பன்_ரீட்_ஃபைல் என்ற கால்பேக்குக்குள் நகர்த்துவது. அந்தக் கால்பேக், ரீடர் என்ற ஃபங்ஷன் உள்ள ஓர் அட்டவணையைக் கேட்கும். அந்த ரீடர் வரிக்கு வரி சரம் ஒன்றைத் தர வேண்டும். ரீடரிலிருந்து நில் வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றம் தேவைப்படாத வரிக்கு நில் தரும் உங்கள் ஃபங்ஷன் இங்கே என்ன செய்யும்? மாற்றம் தேவைப்படாத முதல் வரியிலேயே நூல் முடிந்துவிடும். நாடகத்தில் அது கடவுள் வணக்கத்துக்கும் கட்டியகாரன் வரவுக்கும் இடையில் இருந்த வெற்று வரியாக இருக்கலாம். கோப்பு இயல்பாக முடிந்தது என்றே இயந்திரம் எண்ணுவதால், வரி தொலைந்தது என்று எங்கும் சொல்லாது.

வெற்று வரி என்றதும் இன்னொன்று. ஒரு வரியை அடியோடு இல்லாமல் செய்ய விரும்பிச் சிலர் வெற்றுச் சரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வெற்று வரி டெக்குக்குப் பந்தி முடிவு. பாட்டின் நடுவே இருந்த தட்டச்சுக் குறிப்பை நீக்கப் போய்ப் பாட்டை இரண்டாக வெட்டிவிடுவீர்கள். நீக்க வேண்டிய வரிக்கு % குறியை மட்டும் திருப்பிக் கொடுங்கள். குறிப்புரை வரி என்று டெக் தாண்டிப் போய்விடும்.

பாமினி மாற்றியை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதும் ப்ராசஸ்_இன்புட்_பஃபரில் விடையோடு பின்னிய விஷயம். தொடங்கும் கட்டளை தனி வரியில் இருக்கட்டும். அந்த வரி ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டது. அதன் மீதியை உங்கள் ஃபங்ஷன் பார்க்காது. முடிக்கும் கட்டளையோ உங்கள் ஃபங்ஷன் வழியாகத்தான் வரும். அதையும் தமிழாக்கிவிட்டால் முடிவே வராது. அந்த ஒரு வரியை அடையாளம் கண்டு தொடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கால்பேக் பதிவு எப்போதும் நூல் முழுமைக்குமானது. லேடெக் சூழல் முடிந்தவுடன் அதுவாகக் கழன்றுவிடாது. நீங்களே ரிமூவ்_ஃப்ரம்_கால்பேக் போட்டுக் கழற்ற வேண்டும்.

அத்தோடு, இந்தக் கால்பேக் உங்கள் பிரதிக் கோப்பின் வரிகளுக்கு மட்டுமல்ல, இடையில் வாசிக்கப்படும் எல்லா டெக் கோப்புகளின் வரிகளுக்கும் ஓடும். பாமினிப் பகுதியின் நடுவே புது எழுத்துரு வடிவம் ஒன்று முதன்முறையாகத் தேவைப்பட்டு, லேடெக் அதன் விவரக் கோப்பைத் திறந்தது என்று வையுங்கள். அந்தக் கோப்பின் ஆங்கிலக் கட்டளைகளையும் உங்கள் ஃபங்ஷன் மனமுவந்து தமிழாக்கும். வரும் பிழைச் செய்தியை வாசித்து யாராலும் காரணம் சொல்ல முடியாது.

மாற்றும் வேலை ஜிசப் என்ற லுவா ஃபங்ஷனால் நடக்கும். அதைப் பற்றி மூன்று சொல் சொல்லியாக வேண்டும். அது இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தரும்: மாற்றிய சரம், எத்தனை இடத்தில் மாற்றியது என்ற எண். கால்பேக்கிலிருந்து நேரே ரிட்டர்ன் செய்தால் இயந்திரம் முதல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வதால் தப்பித்துவிடுவீர்கள். அதே ஜிசப்பை டெக்.பிரின்ட்டுக்குள் நேரே போட்டால் அந்த எண்ணும் நூலில் அச்சாகும். பாட்டின் கீழே காரணமில்லாமல் 7 என்றோ 12 என்றோ இலக்கம் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். ஜிசப் அழைப்பைச் சுற்றி ஒரு சோடி அடைப்புக்குறி கூடுதலாகப் போட்டால் முதல் மதிப்பு மட்டும் தங்கும். அடுத்தது, %, $, ^, +, - போன்ற குறிகளுக்கு லுவாவின் தேடல் வடிவங்களில் தனி அர்த்தம் உண்டு. மூவையும் கூவையும் தேடும்போது முன்னால் இன்னொரு % போட்டுத்தான் தேட வேண்டும். கடைசியாக, லுவாவுக்குச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட். புள்ளி வைத்து ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று தேடினால் எழுத்தின் மூன்றில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்தால் வரியில் செல்லாத யுனிகோடு இருக்கிறது என்று இயந்திரம் முறையிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். முழுப் பிரதியும் பாமினியில் இருக்கிறது, இனி அதில் யாரும் தட்டப் போவதில்லை என்றால், கால்பேக்கை விட்டுவிடுங்கள். ஒரே தடவை வெளியே வைத்து யுனிகோடாக மாற்றி, மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தி, அதையே வைத்து வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றிக்கொண்டிருப்பது, ஒவ்வொரு ஓட்டத்திலும் பிழைக்கு இடம் வைப்பது. தட்டச்சு செய்பவர் இன்னும் பாமினியிலேதான் திருத்தி அனுப்புகிறார், அவரை மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் கால்பேக் நியாயம்.

சின்ன வேலைகளுக்கு அதே கால்பேக் பொன். நம் பக்கத்து எழுத்து வழக்கில் 1544 இல், 1560 ஆம் ஆண்டு என்று ஆண்டுக்கும் உருபுக்கும் நடுவே இடம் விட்டு எழுதுகிறோம். மன்னார் வரலாறு எழுதினால் இப்படி ஆண்டுகள் நிறைய வரும்: வேதசாட்சிகள் கொல்லப்பட்ட 1544, போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய 1560. வரியின் முடிவில் 1560 நின்று, அடுத்த வரி ஆம் என்று தொடங்கினால் பார்க்கவே பொறுக்காது. நான்கு இலக்கம், இடம், பிறகு இல் அல்லது ஆம் என்று வந்தால் அந்த இடத்தை ~ ஆக்கிவிடும் ஃபங்ஷன் நாலைந்து வரிதான். வரி உடையாது. யுனிகோடுப் பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள்; பாமினியில் ~ ஷ ஆகிவிடும்.

மறுபடி கணு ஃபில்டர்களுக்கு வருகிறேன், ஏனென்றால் வாசகர் தம் ஃபங்ஷனையும் இணைத்திருந்தார். ரிட்டர்ன் ட்ரூ சேர்த்த பிறகும் அது ஒரு பக்கத்தில் பந்தியை விழுங்கும். ஃபங்ஷனின் நடுவே, அடிக்குறிப்பாக இருந்தால் பார்க்க வேண்டாம் என்று, வெறும் ரிட்டர்ன் போட்டு வெளியேறும் வரி ஒன்று இருக்கிறது. அந்த வாசல் வழியாகப் போனால் மறுபடி நில்தான். நடுவழியில் வெளியேறுவது நிரல் எழுதும் பலருக்குப் பிடித்த பழக்கம்; கால்பேக்கில் அது அடிக்குறிப்புகளைத் தின்னும். ஒரே ஒரு வாசல், அது கடைசி வரி, அதில் விடை என்று எழுதுங்கள். இஃப் கிளைகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் அங்கே வந்து சேரட்டும்.

லுவாடெக்பேஸ் இந்த ஃபில்டர்களை ‘லிஸ்ட்’ வகையாக நடத்துகிறது. ஒரு ஃபங்ஷன் ட்ரூ தந்தால் பழைய தலையே அடுத்தவருக்குப் போகும். கணு தந்தால் அந்தக் கணு போகும். ஃபால்ஸ் தந்தால் யார் தந்தார்கள் என்று பதிவுக் கோப்பில் எச்சரித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடும், மற்றவர்கள் ஓடமாட்டார்கள். நில்லுக்கு எச்சரிக்கை இல்லை. அந்த எச்சரிக்கையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். உங்கள் ஃபங்ஷனை வாங்கி, ஓட்டி, விடை நில் என்றால் கால்பேக்கின் பெயரைச் சொல்லிப் பிழை எழுப்பி, இல்லையென்றால் விடையை அப்படியே கடத்தும் உறை ஃபங்ஷன் ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு, பதிவுசெய்யும் ஒவ்வொன்றையும் அதற்குள் போட்டுப் பதிவுசெய்யுங்கள். பத்து வரிகூட வராது. ஆட்_டூ_கால்பேக்கின் மூன்றாவது இடத்தில் விவரம் எழுதும்போது சோதனை, டெஸ்ட் 2 என்றெல்லாம் எழுதாமல் ‘ஓட்டை வரி பார்ப்பது’ என்பதுபோல எழுதுங்கள். எச்சரிக்கையில் அந்த விவரம்தான் தெரியும்.

முனையத்தில் டெக்ஸ்டாக் லுவாடெக் என்று தட்டினால் கையேடு திறக்கும். கால்பேக் அத்தியாயத்தில் ஒவ்வொரு பெயரின் கீழும் என்ன வரும், என்ன திரும்ப வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதியிருக்கிறார்கள். ஃபங்ஷனைத் தொடங்கும் முன் அந்த இரண்டாவது வரியை உங்கள் கோப்பிலேயே குறிப்புரையாக எழுதிவைத்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கேள்வி அனுப்பும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழு நூலையும் அனுப்பாதீர்கள். பந்தி மறையும் ஒரே ஒரு பக்கம், உங்கள் லுவா ஃபங்ஷன், அந்த ஓட்டத்தின் பதிவுக் கோப்பு, எந்த ஆண்டு டெக்லைவ் என்ற விவரம் ஆகிய நான்கையும் அனுப்புங்கள். பதிவுக் கோப்பு இல்லாமல் வரும் கேள்விக்கு நான் ஊகித்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.